இருமுறை எண்ணப்பட்ட வி.ஓ. (வேலை மாற்ற உத்தரவு): ஒரு தோட்டக் குடியிருப்பு ஒப்பந்தத்தின் வருவாய் முன்கணிப்பு

பின்னணி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு குடும்பக் கட்டுமான நிறுவனத்தில் 2022இல் நடந்தது இது. நிறுவனர் அங்கே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். கொத்தனாராகத் தொடங்கி, துணைக் குத்தகையாளராகி, கடைசியில் சொந்தமாக, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் ஜி5 நிலைக் குத்தகையாளர் பதிவு வரை வந்தவர். அவருடைய மகன் பொறியியல் படித்துவிட்டு வந்து தளங்களைப் பார்த்துக்கொள்கிறார். அலுவலகம் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. அங்கே 14 ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் ஓர் அம்மையார் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அக்காதான், எனக்கும்.

நான் ஈப்போவில் கணக்கு ஆலோசகன். 2020இல் இவர்களுக்குக் கட்டுமானக் கணக்கு மென்பொருளை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். கீழே வரும் கதையில் என் பங்கும் உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்பந்தம், பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடியிருப்புக் கட்டுவது. தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் பல தோட்டங்கள் பழைய லயங்களை மாற்றத் தொடங்கியிருந்தன. அந்த அலையில் கிடைத்த வேலை இது. தொகை 4,200,000 ரிங்கிட். மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் (பாம்) 2018 ஒப்பந்தப் படிவம். 2021 ஆகஸ்டில் தொடக்கம், 15 மாதம் காலம். மதிப்பிட்ட செலவு 3,780,000, ஆக லாபம் 420,000, பத்து விழுக்காடு. இவர்கள் அதுவரை எடுத்ததிலேயே பெரிய வேலை.

மென்பொருள் போடும் கணக்கு

விவரம் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் பிழை ஒளிந்திருந்தது இங்கேதான்.

இந்த வகை மென்பொருளில் ஓர் ஒப்பந்தத்துக்கு மூன்று தொகைகள் இருக்கும். முதலாவது, கையெழுத்தான தொகை. இரண்டாவது, நடப்புத் தொகை: கையெழுத்தான தொகையோடு ஒப்புதலான வி.ஓ.க்கள், அதாவது வேலை மாற்ற உத்தரவுகள், சேர்ந்தது. மூன்றாவது, முன்கணிப்பு வருவாய்: வேலை முடியும்போது மொத்தம் எவ்வளவு வரும் என்று நாம் எதிர்பார்ப்பது. யாரும் எதுவும் தொடாவிட்டால் மூன்றாவது இரண்டாவதையே காட்டும். இன்னும் ஒப்புதலாகாத ஒன்று வரும் என்று நினைத்தால் 'சரிக்கட்டல்' என்ற கட்டத்தில் தொகையைப் போட்டு, பேட்சாக, அதாவது ஒரு தொகுதியாகச் சேர்த்து, ஒரு மாதத்துக்குப் போஸ்ட் செய்ய (கணக்கில் ஏற்ற) வேண்டும்.

செலவுக்கும் இதே போல ஒரு முன்கணிப்பு உண்டு. இதுவரை ஆன செலவை மொத்த முன்கணிப்புச் செலவால் வகுத்தால் எத்தனை விழுக்காடு வேலை முடிந்தது என்று வரும். அதை முன்கணிப்பு வருவாயோடு பெருக்கினால் இதுவரை 'சம்பாதித்த' வருவாய். சம்பாதித்தது பில் போட்டதைவிட அதிகமென்றால், மென்பொருள் அதைப் பில் போடாத தொகை என்று காட்டும்.

இந்தச் சங்கிலியில் மனிதர் கையால் போடும் எண்கள் இரண்டுதான், வருவாய் முன்கணிப்பும் செலவு முன்கணிப்பும். லாபம், விழுக்காடு, வங்கிக்குப் போகும் அறிக்கை, வரி மதிப்பீடு எல்லாம் அந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

சரிக்கட்டல் கட்டத்தில் போடும் தொகை, நடப்புத் தொகையோடு கூட்டப்படும். நீங்கள் போய் அழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். 2020இல் அரைநாள் பயிற்சி கொடுத்தபோது கட்டத்தைக் காட்டினேன். அது கூட்டும் என்பதையும், தானாகப் போகாது என்பதையும் அழுத்திச் சொன்னதாக நினைவில்லை.

பிப்ரவரி முதல் மே வரை

2022 பிப்ரவரியில் வங்கி, ஓவர்டிராப்ட் உயர்த்தும் விண்ணப்பத்துக்காக ஒப்பந்தத்தின் எதிர்பார்க்கும் மொத்த மதிப்பைக் கேட்டது. மகன் மென்பொருளைத் திறந்து அப்போது பேச்சில் இருந்த மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சரிக்கட்டலில் போட்டார்.

ஒன்று, கூடுதல் வடிகாலும் தடுப்புச் சுவரும், 180,000. ஆர்க்கிடெக்ட் எழுத்தில் கேட்டிருந்தார், அளவு மதிப்பீட்டாளரான கியூ.எஸ். மதிப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது, தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் பெரிய செப்டிக் தொட்டியும், 260,000. தோட்ட மேனேஜர் தளத்துக்கு வந்தபோது வாயால் சொன்னது. ("செஞ்சிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்." ஊரில் பெரியவர்கள் இன்னமும் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்கிறார்கள். துரை சொன்னதற்கு எழுத்துக் கேட்பது அவர்களுக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.) மூன்றாவது, இரும்புக் கம்பி விலை ஏறியதற்காகக் கேட்கலாம் என்று நினைத்த 150,000. ஒப்பந்தத்தில் விலை ஏற்றத்துக்கு ஈடு தரும் பிரிவே கிடையாது.

ஆக 590,000. முன்கணிப்பு வருவாய் 4,790,000 ஆனது. மகன் ஏமாற்ற நினைத்துச் செய்ததில்லை. மூன்றும் நியாயமாக நமக்கு வரவேண்டியது என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஆனால் எழுத்தில் கேட்ட வேலை, வாயால் சொன்ன வேலை, வெறும் ஆசை ஆகிய மூன்றும் ஒரே எண்ணுக்குள் போனபின் எது எவ்வளவு என்று மென்பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஏப்ரலில் முதல் வி.ஓ. ஒப்புதலானது. அக்கா முறைப்படி அதை ஒப்புதலான வி.ஓ.வாகப் பதிந்தார். நடப்புத் தொகை 4,380,000 ஆனது. பழைய 590,000 சரிக்கட்டல் அப்படியே இருந்ததால் முன்கணிப்பு 4,970,000க்கு ஏறியது. அந்த 180,000 இப்போது இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தது. ஏப்ரலில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரியான பதிவு ஒன்று, இரண்டு மாதத்துக்கு முந்தைய எண்ணோடு சேர்ந்து பிழையாகிவிட்டது.

இதே காலத்தில் செலவு முன்கணிப்பை யாரும் சரியாகத் தொடவில்லை. முதல் வி.ஓ.வுக்கான 150,000ம், அடித்தளத்தில் கூடிய 30,000ம் சேர்ந்து 3,960,000இல் நின்றது.

ஜூன் மூன்றாம் வாரம்: பில் போட எதுவுமில்லை

என்னை அழைத்தது வரிக்காக. நிறுவனத்தின் கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அந்த ஆண்டு வரி மதிப்பீட்டைத் திருத்த 6ஆம் மாதம் ஒரு வாய்ப்பு, 9ஆம் மாதம் இன்னொன்று. சி.பி. 204ஏ படிவத்தை ஜூன் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். உண்மையான வரி, நாம் கொடுத்த மதிப்பீட்டைத் தாண்டி, அந்த வித்தியாசம் உண்மை வரியின் 30 விழுக்காட்டுக்கும் மேல் போனால், அந்த 30 விழுக்காட்டைத் தாண்டிய பகுதிக்கு 10 விழுக்காடு அபராதம். மே மாத அறிக்கையைப் பார்த்த நிறுவனர் பயந்துவிட்டார்.

"தம்பி, கம்ப்யூட்டர் ஏழு லட்சம் லாபம் காட்டுது. வரியைக் கூட்டிக் கட்டலைன்னா அபராதம் போடுவான் இல்லையா?"

அறிக்கை இப்படி இருந்தது. மே 31 வரை செலவு 2,772,000. முன்கணிப்புச் செலவு 3,960,000. வேலை 70 விழுக்காடு. சம்பாதித்த வருவாய் 3,479,000. இதுவரை லாபம் 707,000. சான்றளிக்கப்பட்ட பில்கள், பிடித்தத் தொகையும் (குறைபாடுகள் தீரும்வரை வேலை கொடுத்தவர் பிடித்து வைப்பது) சேர்த்து, 2,730,000. ஆக பில் போடாத தொகை 749,000.

வேலை முடியும்போது லாபம் 1,010,000 என்று அறிக்கையின் அடியில் இருந்தது. 20 விழுக்காடு. பத்து விழுக்காட்டில் விலை வைத்த வேலை, சிமெண்டும் கம்பியும் ஏறி, வெளிநாட்டுத் தொழிலாளர் கிடைக்காமல் திண்டாடிய ஓர் ஆண்டில், எப்படி 20 விழுக்காடாகும்? கண்ணில் பட்ட முதல் விஷயம் எனக்கு இதுதான்.

ஆனால் என்னைவிட இரண்டு வாரத்துக்கு முன்பே அக்கா கண்டுபிடித்திருந்தார். நிறுவனர் அவரிடம், ஏழரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்) பில் போடாமல் கிடக்கிறதே, ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து தள அளவுகளையும் கிளெய்ம்களையும் வரிவரியாகப் பார்த்திருக்கிறார். பில் போட எதுவுமில்லை. "நான் எதையோ விட்டுட்டேன்னு நினைச்சேன் தம்பி" என்றார். மென்பொருள் தவறாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன்மேல்தான் சந்தேகப்பட்டார்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு 555 நோட்டை எடுத்தார். மளிகைக் கடைக் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம். அதில் பென்சிலால் ஒவ்வொரு வி.ஓ.வுக்கும் ஒரு வரி: என்ன வேலை, யார் சொன்னது, எழுத்து வந்ததா, வந்தால் தேதி, தொகை. இரண்டாவது வி.ஓ.வுக்கு எதிரே 'எழுத்து இல்லை'. மூன்றாவதற்கு எதிரே வெறும் கேள்விக்குறி. மென்பொருளில் இருந்த 590,000க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு இந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தளத்தில் எண்ணியது

வருவாயை மட்டும் திருத்திவிட்டுப் போயிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். மறுநாள் மகனோடு தோட்டத்துக்குப் போனேன். மழை பெய்திருந்ததால் செம்மண் பாதையில் வண்டி தத்தித் தத்தித்தான் போனது. ஒவ்வொரு பிளாக்காக நின்று, மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று செலவுக் குறியீடு வாரியாக எழுதினோம். 'இதுவரை ஆனதைக் கழித்தால் மீதி எவ்வளவு' என்ற கேள்வியைக் கேட்கவேயில்லை. அப்படிக் கேட்டால் பழைய மதிப்பீடுதான் பதிலாக வரும். இந்தச் சுவர் முடிய இன்னும் எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை மூட்டை என்றுதான் கேட்டோம்.

செலவு 440,000 கூடியது. இரண்டாவது வி.ஓ.வுக்கு 190,000: தொட்டிக் கோபுரம் பாதிக்கு மேல் எழுந்து நின்றது, அதன் செலவு கான்கிரீட், இரும்பு என்று பொதுக் குறியீடுகளில் கலந்து போயிருந்ததால் தனியாகக் கண்ணில் படவில்லை. பொருள் விலை 115,000. கூலி 90,000: மே 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட் ஆனதும், ஒரு துணைக் குத்தகையாளர் பாதியில் விலகி வேறொருவரைக் கூடுதல் விலைக்குப் பிடித்ததும் சேர்ந்து. இயந்திர வாடகை நீண்டதில் 45,000. மொத்த முன்கணிப்புச் செலவு 4,400,000.

இன்னொன்றும் பார்த்தோம். ஒரு கொட்டகையில் கூரைத் தகடும் இரும்புக் கம்பியும் அடுக்கிக் கிடந்தன, 132,000 மதிப்பு. வாங்கியதும் செலவில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு தகடுகூட மேலே போகவில்லை. மலேசியாவின் தனியார் நிறுவனக் கணக்குத் தரமான எம்.பி.இ.ஆர்.எஸ்., 23ஆம் பிரிவில், இனி நடக்கப்போகும் வேலைக்காக வாங்கி வைத்த பொருளை முடிந்த வேலையின் அளவில் சேர்க்கக் கூடாது என்கிறது. சேர்த்தால் கொட்டகை நிறைய நிறைய வேலை முடிந்த மாதிரி காட்டும். அதைக் கழித்தால் கணக்கில் எடுக்கும் செலவு 2,640,000, வேலை 60 விழுக்காடு. மகன் தளத்தைப் பார்த்துக் கண்ணால் சொன்னதும் ஏறக்குறைய அறுபதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

வருவாய்ப் பக்கம் முதல் முடிவு எளிது. இருமுறை எண்ணிய 180,000 போயிற்று. மூன்றாவதான 150,000மும் போயிற்று. ஒப்பந்தத்தில் பிரிவு இல்லை, எதிர்த்தரப்பு ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டுப் பார்க்கலாம், ஆனால் எண்ணக் கூடாது.

இரண்டாவதில்தான் நீண்ட நேரம் பேசினோம். மகன், வேலை கண் முன்னால் நிற்கிறதே, யாரும் மறுக்க முடியாதே என்றார். நியாயம்தான். ஆனால் பாம் படிவத்தில் மேனேஜரின் வாய்வார்த்தை உத்தரவாகாது. ஆர்க்கிடெக்டின் எழுத்து உத்தரவு வேண்டும், இங்கே எல்லாரும் ஏ.ஐ. என்று சொல்வது. (இந்த ஏ.ஐ.க்கும் இப்போது பேசப்படும் ஏ.ஐ.க்கும் சம்பந்தமில்லை.) செலவளவான 190,000ஐ மட்டுமாவது சேர்க்கலாமா என்றும் பார்த்தோம். சேர்த்தால் 170,000 லாபம். சேர்க்காவிட்டால் வருவாய் 4,380,000, செலவு 4,400,000, ஆக 20,000 நஷ்டம்.

சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னேன். இந்த அறிக்கை வங்கிக்குப் போகிறது. எழுத்தே இல்லாத தொகைதான் ஒரு வேலை லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்கிறது என்றால், அதைப் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். ஆகவே முன்கணிப்பில் சுழியம், அறிக்கையின் அடியில் தனி வரியாக 'வேலை நடக்கிறது, எழுத்து உத்தரவு வரவில்லை, கோரும் தொகை 260,000'. பின்னால் தணிக்கையாளர், நான் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன் என்றார். இருக்கலாம். ஆனால் பிப்ரவரியில் எல்லாவற்றையும் சேர்த்து வந்த வினையை அப்போதுதான் பார்த்திருந்தோம்.

அப்படி முடிவானதும் எண்கள் தலைகீழாயின. சம்பாதித்த வருவாய் 4,380,000இல் 60 விழுக்காடு, 2,628,000. பில் போட்டது 2,730,000. அதாவது 749,000 பில் போடாமல் கிடக்கிறது என்று நினைத்த இடத்தில், செய்த வேலையைவிட 102,000 அதிகமாகப் பில் போட்டிருந்தார்கள். இதுவரை நஷ்டம் 12,000. வேலை முழுவதற்கும் எதிர்பார்க்கும் நஷ்டத்தை உடனே ஏற்க வேண்டும் என்பது விதி என்பதால் மீதி 8,000த்துக்கும் ஒதுக்கீடு.

நிறுவனர் எண்களை நிதானமாகப் பார்த்தார். "அப்ப அந்த ஏழு லட்சம் எங்கேப்பா போச்சு?"

"அது வரவே இல்லை அண்ணே."

வரிப் படிவத்தைப் பொறுத்தவரை, 28,000 ரிங்கிட் மதிப்பீட்டை ஒரு லட்சத்துக்கு மேல் உயர்த்தும் எண்ணத்தைக் கைவிட்டோம். மற்ற இரண்டு சின்ன வேலைகளின் லாபத்தைப் பார்த்து மதிப்பீட்டை அப்படியே விட்டு, 9ஆம் மாதம் மறுபடி பார்ப்பது என்று வைத்தோம். உயர்த்தியிருந்தால் இல்லாத லாபத்துக்கு மாதத் தவணையாகப் பணம் போயிருக்கும். திரும்பி வரும்தான், ஆனால் சிமெண்ட் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். 2021 கணக்கில் இந்தப் பிழை இல்லை, ஏனென்றால் சரிக்கட்டல் பிப்ரவரியில்தான் போடப்பட்டது.

மே மாதத்தைத் திரும்பத் திறந்து திருத்துவதா, ஜூனில் திருத்தத்தைப் போடுவதா என்ற கேள்வியும் இருந்தது. மே அறிக்கை ஏற்கனவே வங்கி அதிகாரியின் கையில். அதைச் சத்தமில்லாமல் மாற்றினால் ஒரே மாதத்துக்கு இரண்டு அறிக்கை உலாவும். ஜூனில் போட்டு, காரணத்தை எழுதி, வங்கிக்கும் தெரிவிப்பது என்று முடிவு செய்தோம்.

எழுத்து உத்தரவுக்கு வழி ஒன்று இருந்தது. மார்ச் மாதத் தளக் கூட்டக் குறிப்பில் தொட்டிக் கோபுரத்தின் இடத்தைப் பற்றி ஆர்க்கிடெக்ட் சொன்னது பதிவாகியிருந்தது. அதைக் காட்டி, ஆர்க்கிடெக்டின் உத்தரவை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை மகன் ஜூன் கடைசியில் அனுப்பினார். பதில் வராவிட்டால் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கும் கட்டுமானத் தொழில் பணக்கொடுப்பு, தீர்ப்பளிப்புச் சட்டத்தின் கீழ்ப் போகலாமா என்று பேசினோம். நிறுவனருக்கு அதில் விருப்பமில்லை. அந்தத் தோட்டத்தில் அவருக்கு இன்னும் பல ஆண்டு வேலை உண்டு.

போஸ்ட் ஆகாத பேட்ச்

திருத்தம் ஜூன் 24 வெள்ளிக்கிழமை பதியப்பட்டது. ஜூலை 3 அன்று வங்கி கேட்ட புதிய அறிக்கையை மகன் அச்சிட்டு அனுப்பினார். அதில் பழைய 4,970,000.

காரணம், பேட்ச் சேமிக்கப்பட்டிருந்தது, போஸ்ட் செய்யப்படவில்லை. திரையில் பார்த்தால் புதிய எண் தெரியும், அறிக்கையில் பழையதுதான் வரும். ஒன்பது நாள் யாரும் கவனிக்கவில்லை. அதைப் போஸ்ட் செய்ய வேண்டியது நான். ஈப்போவிலிருந்து செய்துகொள்ளலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன். மறுநாளே சரி செய்து வங்கி அதிகாரிக்கு நானே போன் போட்டு விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் இரண்டு எண் வந்த நிறுவனத்தை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

பின்னர் நடந்தது

ஓவர்டிராப்ட் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, குறைந்த தொகைக்கு மறுபடி போட்டார்கள், கிடைத்தது. லாபத்தை நம்பி ஒரு பழைய எக்ஸ்கவேட்டருக்குக் கொடுத்த முன்பணம் 15,000 போய்விட்டது. இதைவிடப் பெரிதாகப் போயிருக்க வேண்டியது வேறு. மே மாதம் இன்னொரு தோட்டக் குடியிருப்பு டெண்டருக்கு, 'இந்த மாதிரி வேலையில் 20 விழுக்காடு நிற்கிறது' என்று நினைத்து, விலையைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். அந்த டெண்டர் கிடைக்கவில்லை. நல்லவேளை என்றுதான் சொல்ல வேண்டும், அதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

ஆகஸ்டில் ஆர்க்கிடெக்ட் உத்தரவை உறுதிப்படுத்தினார். செப்டம்பரில் கியூ.எஸ். இரண்டாவது வி.ஓ.வை 205,000 என்று மதிப்பிட்டார். கேட்டது 260,000. விலை ஏற்றக் கோரிக்கை மறுக்கப்பட்டது. நடப்புத் தொகை 4,585,000 ஆனது. 9ஆம் மாத வரித் திருத்தத்தில் மதிப்பீட்டைச் சிறிது கூட்டினோம். இந்த முறை கூட்டியதற்கு ஒரு காகிதம் இருந்தது.

2023 ஜனவரியில் நடைமுறை நிறைவுச் சான்றிதழ் வந்தது. கால நீட்டிப்புக் கிடைத்ததால் தாமத இழப்பீடு விழவில்லை. கடைசிச் செலவு 4,437,000. லாபம் 148,000, மூன்று விழுக்காடு சொச்சம்.

இப்போது எப்படிச் செய்கிறார்கள்

மாற்றங்களில் பெரியது ஒன்றுதான், மற்றவை அதன் பின்னால் வந்தவை. ஒவ்வொரு மாதமும் சரிக்கட்டல் கட்டத்தை முதலில் சுழியமாக்கிவிட்டு, அன்று நிலுவையில் இருக்கும் வி.ஓ.க்களை ஒவ்வொன்றாக மறுபடி போடுகிறார்கள். போன மாதம் இருந்ததால் இந்த மாதமும் இருக்கும் என்ற சலுகை கிடையாது. தானாகச் சுழியமாக்க மென்பொருளில் வசதி உண்டா என்று விற்றவர்களிடம் கேட்டேன், இல்லை என்றார்கள். ஆகவே கையால்தான்.

அக்காவின் 555 நோட்டு, மென்பொருளின் வி.ஓ. பதிவேட்டுக்குள் போயிருக்கிறது. வாயால் சொன்னது, எழுத்து வந்தது, மதிப்பிட்டது, ஒப்புதலானது என்று நான்கு நிலை. முதல் நிலையில் இருப்பது முன்கணிப்புக்குள் வராது. இரண்டாம் நிலைக்கு வந்தால் செலவளவு மட்டும் வரும். இந்த இடத்தில் நான் தணிக்கையாளர் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தேன். வருவாய்ச் சரிக்கட்டலைப் போடும் உரிமை அக்காவுக்கு மட்டும், காகித எண்ணை எழுதாமல் போட முடியாது. மகன் செலவைப் போடுகிறார். இரண்டும் ஒரே நாள், ஒரே மேசையில், போஸ்ட் செய்து முடித்து அச்சிட்டுப் பார்க்கும்வரை யாரும் எழுந்து போவதில்லை. கொட்டகையில் இருக்கும் பொருளுக்குத் தனிச் செலவுக் குறியீடு.

அறிக்கையின் மேல் பகுதியில் ஒரு சின்ன அட்டவணையும் சேர்த்தோம்: விலை வைத்தபோது இருந்த லாப விழுக்காடு, கடைசி மூன்று மாத முன்கணிப்பு லாப விழுக்காடு. நிறுவனர் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் காரணம் கேட்கிறார். ஏறும்போது கேட்பது அவருக்குப் புதிது.

என் பக்கத்தில், புதிதாக அமைத்துக் கொடுக்கும் இடங்களில் பயிற்சி அரைநாள் இல்லை. ஒரு கற்பனை ஒப்பந்தத்தில் சரிக்கட்டலைப் போடச் சொல்லி, அடுத்து அதே வி.ஓ.வை ஒப்புதலாக்கச் சொல்லி, எண் இரட்டிப்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைக்கிறேன்.

மூடல்

பிடித்தத் தொகை 210,000. முதல் பாதி நிறைவுச் சான்றிதழோடு விடுவிக்கப்பட்டது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 12 மாதம். இரண்டு பிளாக்கில் கூரை ஒழுகலைச் சரி செய்தபின் இரண்டாம் பாதியான 105,000 ரிங்கிட் 2024 மார்ச்சில் வங்கிக் கணக்குக்கு வந்தது. அன்று மாலையே அக்கா அந்த ஒப்பந்தத்தை மென்பொருளில் மூடினார். முன்கணிப்பு, நடப்பு, பில், வரவு நான்கு கட்டத்திலும் 4,585,000 இருந்தது.